நடு வீட்டு மேல்மாடி

கத்தாரில் பதினொரு வருடம் கட்டடங்களுக்குள் கேபிள் இழுத்திருக்கிறேன். அங்கே வரைபடத்தில் சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும்; நாளைக்கு இன்னொரு சுவர் முளைக்காது. அப்படிப்பட்ட இடத்திலேயே சுவரில் நான் பொருத்திய பெட்டியை மூன்று தரம் இழுத்துப் பார்க்காமல் ஏணியை விட்டு இறங்கமாட்டேன். கூட வேலை செய்தவர்கள் சிரிப்பார்கள். பயந்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பயமில்லாதவர்கள் செய்து வைத்த வேலையைத் திரும்பச் செய்தே என் பாதி வயது போயிருக்கிறது.

லீவில் இலங்கைக்கு வந்து ஒரு மாதம் கழிந்திருந்தபோது, கல்முனையில் துணிக்கடை வைத்திருக்கும் ஒரு ஹாஜியார் கூப்பிட்டு அனுப்பினார். பெரிய வீதியில் மூன்று மாடிக் கடை. அதற்குப் பின்னால், கடற்கரைப் பக்கமாக மூன்று ஒழுங்கை தள்ளி, சரக்கு வைக்கும் ஸ்டோர். ஸ்டோரின் சுவரோடு ஒட்டினாற்போல் தையல் மெஷின்கள் ஓடும் கூடம். கடையில் ஒரு நிறம் முடிந்துவிட்டால் ஸ்டோருக்குப் போன் எடுத்துத்தான் கேட்க வேண்டும். நோன்புக் காலத்தில் கடை நிறையச் சனம் நிற்கும். போனை எடுக்க அங்கே ஆள் இருக்காது.

"மூண்டு எடத்துலயும் என்ன கெடக்கெண்டு இருந்த எடத்துலயே தெரியோணும். நோன்பு வர முதல் முடிச்சித் தருவீங்களா தம்பி?" என்று கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ்" என்றேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் வேறு மாதிரிச் சொன்னேன். இந்த வேலை சரிவந்தால் நான் திரும்பிப் போகமாட்டேன் என்றேன். ஒரு மருந்துக்கடைக்காரரும் ஓர் அரிசி மில்காரரும் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். 'ஹாஜியார்ட வேல எப்பிடிப் போகுதெண்டு பாத்துட்டுச் செல்றம்' என்பது இருவருடைய பேச்சு. இது பிழைத்தால் அந்த இரண்டும் இல்லை, அதற்குப் பிறகு எதுவும் இல்லை. என் டிக்கட் நோன்பின் பத்தாம் நாளில். அன்றைக்கு விமானம் ஏறாவிட்டால் விசா முடிந்துவிடும், கம்பெனி இன்னொருவனை எடுத்துக்கொள்ளும். என் மகளுக்கு நாலு வயது. அவளுக்கு நான் போனுக்குள் இருக்கிற வாப்பா. லீவில் வந்து வாசலில் நின்றால் அவள் உம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என்னைப் பார்க்கிறாள். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் பெட்டி கட்ட எனக்கு மனம் இல்லை. ஆனால் வருமானம் இல்லாமல் ஊரில் நிற்கவும் பயம். எல்லாம் அந்தத் துணிக்கடையின் தலையில் வந்து நின்றது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். "சரி, செய்யுங்க" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாமே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

கடைக்கும் ஸ்டோருக்கும் நடுவில் ஒன்பது வீடுகள். எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளையின் சொத்து. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வர வேண்டும். நானும் அப்படி அட்டாளைச்சேனையிலிருந்து கல்முனைக்கு வந்தவன்தான். ஆகவே ஒன்பது வீடு என்றால் ஒன்பது பெண்களிடம் அனுமதி கேட்க வேண்டும். எட்டு வீட்டில் தேத்தண்ணி குடித்துச் சம்மதம் வாங்கி, ஒன்பதாவது வீட்டில் 'எங்கட ஊட்டுக்கு மேலால ஒண்டும் போக வேணா' என்றால் எட்டுத் தேத்தண்ணியும் வீண். மின்சாரக் கம்பத்தில் கட்டவும் விடமாட்டார்கள். அதனால் கேபிள் வேண்டாம், வயர்லெஸ் என்று முடிவெடுத்தேன். கடைக் கூரையில் ஒரு டிஷ், ஸ்டோர்க் கூரையில் ஒரு டிஷ். இரண்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்க வேண்டும். நடுவில் எதுவும் மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை. ஸ்டோரிலிருந்து தையல் கூடத்துக்குச் சுவரில் ஓட்டை போட்டுக் கேபிள் விட்டால் போதும்.

ஹாஜியாரையும் கூட்டிக்கொண்டு கடைக் கூரையில் ஏறினேன். ஸ்டோர் நன்றாகத் தெரிந்தது, அதற்கு அப்பால் கடலும் தெரிந்தது. நடுவில் ஹாஜியாரின் சொந்த வீடு. அதன் தட்டைக் கூரைக்கு ஒரு முழம் மேலால், இரண்டு டிஷ்ஷையும் இணைக்கும் என் கோடு போகும். அந்தக் கூரையின் நாலு மூலையிலும் தூண் கம்பிகள் இடுப்பளவு நீட்டிக்கொண்டிருந்தன. துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கம்பி மெல்லியது, அது சிக்னலை மறைக்காது. நான் லப்டொப்பில் 'தடை ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

"நல்லாத் தெரியுது ஹாஜியார். நடுவுல ஒண்டும் இல்ல."

அவர் தொண்டையைக் கனைத்தார். "அல்லாஹ் லேசாக்கி வைப்பான். பாப்பம்" என்றார். கடல் காற்றில் அவருடைய தொப்பி பறக்கப் பார்த்தது. அதைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

பத்து நாளில் வேலை முடிந்தது. உப்புக் காற்றுக்குச் சாதாரண ஆணி ஒரு மாரி தாங்காது என்று துருப்பிடிக்காத ஆணியாகத் தேடிப் பூட்டினேன். காகம் உட்காராமல் இருக்கக் கம்பத்தின் உச்சியில் கம்பி முள் கட்டினேன். மின்சாரம் போனாலும் ஓட பற்றரி வைத்தேன். முதல் முறை கடையில் பில் அடித்ததும், ஸ்டோரில் இருந்த பிரிண்டர் தானாக இரைந்து ஒரு துண்டைத் தள்ளியது. தையல் கூடத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கு மருந்துக்கடைக்காரர் கடைக்குள் வந்து, துணி பார்ப்பதுபோல் பில் மெஷினைப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் காலை கடையிலிருந்து போன் வந்தது. "லைன் விட்டு விட்டு வருது."

அன்றைக்கும் மறுநாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடையின் மேல்மாடியில் லப்டொப்பை மடியில் வைத்துக்கொண்டு, சிக்னல் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அலைவரிசையை மாற்றினேன். ரவுட்டரை மாற்றினேன். பக்கத்துக் கடையின் இன்டர்நெட் குறுக்கிடுகிறது என்று அந்தக் கடைக்காரருடன் தேவையில்லாமல் முகத்தை நீட்டிக் கதைத்துவிட்டு, பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன். ஆணி துருப்பிடித்திருக்குமோ, நான் வாங்கிய கேபிளே போலியோ என்று நினைத்து நினைத்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தால் தொண்டைக்குள் இறங்கவில்லை. மனைவி என் முகத்தைப் பார்ப்பாள், மகளுக்குச் சோறு ஊட்டுவாள், பிறகு திரும்ப என் முகத்தைப் பார்ப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள்.

இரண்டாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டுத்தான் எனக்குக் கூரைக்கு ஏறிப் பார்க்கும் புத்தி வந்தது. ஏறினேன். நடு வீட்டுக் கூரையில், சரியாக என் கோடு போகும் இடத்தில், சீமெந்துக் கற்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்கள். வீடு கட்டும் மேசனும் ஒரு கையாளும் இன்னும் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. ஓடிப் போய் ஹாஜியார் வீட்டு மதிலோரம் நின்று மேலே பார்த்துக் கத்தினேன். "மேசன்! இந்தக் கல்லக் கொஞ்சம் அங்கால அடுக்க ஏலாதா? இது போற பாத!"

மேசன் குனிந்து என்னைப் பார்த்தார். வயதான, நிதானமான மனிதர். "என்ன போற பாத தம்பி? இஞ்ச ஒண்டும் போகல்லயே."

"சிக்னல் போகுது!"

"அப்பிடியா? கல்ல அங்கால வைக்கலாம் தம்பி. ஆனா நாளைக்கு இதுல செவரு எழும்பும். செவர எங்கால வைக்கிற?"

அந்த நாலு மூலைக் கம்பிகளையும் அப்போதுதான் உண்மையாகவே பார்த்தேன். எங்கள் ஊர்களில் இரண்டாவது பெண்பிள்ளை உள்ள வீட்டுக் கூரை முடிந்த கூரை இல்லை. கீழ்வீடு மூத்தவளுக்கு, கம்பியை நீட்டி விட்டால் மேல்மாடி இளையவளுக்கு. கம்பி நீட்டியிருந்தால் அங்கே ஒரு கல்யாணம் வர இருக்கிறது என்று அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கூரையில் நின்ற அன்றைக்கு நான் கத்தார்க்காரனாக நின்றேன். வரைபடத்தில் இல்லாத சுவர் எனக்குச் சுவர் இல்லை.

ஹாஜியாரிடம் போனபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. "ஊடு கட்டப் போறதெண்டு ஒரு வார்த்த செல்லியிருக்கலாமே ஹாஜியார்? நீங்களும் என்னோட கூரைல நிண்டீங்கதானே?"

அவர் கோபப்படவில்லை. "பேச்சு முடியாமக் கெடந்திச்சி தம்பி. சின்னவள்ட கலியாணம். பெருநாள் முடிய வைக்கிறதெண்டு போன கிழமதான் முடிவாகின. அதுக்கு முதல் வாயால செல்லி, கண்ணூறு பட்டு, கலஞ்சிட்டா என்ன செய்ற? பேச்சுக்குப் போனவங்களத் தவிர ஊருக்குள்ள ஒருத்தருக்கும் செல்லல்ல." பிறகு என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "அந்தக் கம்பியப் பாத்தா உங்களுக்கு வெளங்கும் எண்டு நெனச்சன்."

அவரே தொடர்ந்தார். "நோன்புக்கு இன்னம் பன்னெண்டு நாள் இரிக்கி. ஏலுமெண்டா செய்ங்க. ஏலாட்டிச் செல்லிடுங்க, நாங்க பழைய மாதிரி போன்லயே கதைச்சிக்கிறம். கொற ஒண்டும் நெனைக்க மாட்டன்."

அந்தக் கடைசி வசனம்தான் என்னைக் கொன்றது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஏலாது என்று ஆள்கள் குறை நினைக்காமலே விட்டுவிட்ட வேலைக்காரன் என்று ஊருக்குள் ஒரு பெயர் எடுத்தால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குத்தான் போகலாம்.

ஒரு வழி இருந்தது. சுவர் மறைக்கிறது என்றால் அந்தச் சுவரின் மேலேயே ஏறிவிடுவது. புது மாடியில் ஒரு கம்பம், அதில் இரண்டு டிஷ் முதுகோடு முதுகாக. ஒன்று கடையைப் பார்க்கும், மற்றது ஸ்டோரைப் பார்க்கும். ஹாஜியார் வீட்டுக்குப் போய் அவரிடம் சொன்னதும் "பூட்டுங்க" என்றார். அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் குறுக்கே வந்தது. கல்யாணப் பெண்.

"வாப்பா, மேல்மாடி என்ட பேர்லதானே எழுதப் போறீங்க? அப்ப என்னட்டயும் ஒருக்காக் கேக்கோணுமே."

ஹாஜியார் சிரித்துக்கொண்டு கையை விரித்தார். நான் கதவைப் பார்த்துக் கேட்டேன். "உங்களுக்கு விருப்பம் இல்லையா தங்கச்சி?"

"கம்பத்துக்கு நான் ஒண்டும் செல்லல்ல. ஆனா ஒரு மழைக்கு லைன் போச்சிதெண்டா ஆரு ஏறுற? ஒவ்வொரு தரமும் ஒரு ஆம்புள என்ட ஊட்டுக் கூரைக்கு ஏறேலுமா? வாற மாப்பிளைக்கு நான் என்ன செல்ற?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பதினொரு வருட அனுபவத்தில் யாரும் என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. "அப்ப என்ன செய்யலாம்?" என்றேன்.

"கரண்ட் போற பெட்டி, சுவிட்ச் எல்லாம் உள்ளுக்கு, படிக்கட்டுக்குக் கீழ வைங்க. எப்பிடிப் பாக்குறதெண்டு எனக்குக் காட்டித் தாங்க. ஸ்டோர்க் கணக்கெல்லாம் போன்ல மூணு வருஷமா நான்தானே பாக்குறன். இதையும் பாப்பன்."

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும்போது யோசித்துப் பார்த்தால், வேலை தெரிந்தவன் நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. கூரையில் பூட்டிய ஒன்றை நாளைக்கு யார் பராமரிப்பது? நான் கத்தாருக்குப் போய்விட்டால் யார்? அவள் கேட்டதுபோலவே செய்து கொடுத்தேன். எந்த விளக்கு எரிந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் அந்தத் தாளில் இருந்த ஒரு பிழையை அவள் கண்டுபிடித்துச் சொல்லி அனுப்பினாள்.

ஆனால் மாடி இன்னும் கட்டி முடியவில்லையே. அதுதான் பெரிய தொல்லை. கம்பத்தை மூலைத் தூணில் கட்டுவேன். தூணுக்குப் பலகை அடிக்க வேண்டும் என்று மேசன் வருவார். கம்பத்தை அவிழ்த்துச் சாரத்தில் கட்டுவேன். சாரத்தை நகர்த்துவார்கள். நான் திரும்பவும் மேலே. ஒவ்வொரு தரமும் இரண்டு டிஷ்ஷையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பி நேராக்க வேண்டும். சுவர் வளர வளர நானும் அதோடு ஏறிக்கொண்டிருந்தேன். நோன்பு தொடங்கிய பிறகு மேசன்மார் லுஹரோடு இறங்கிவிடுவார்கள். நான் வெறும் வயிற்றோடு, அரைச் சுவரில் ஒரு காலும் சாரத்தில் ஒரு காலுமாக நிற்பேன். கீழே பார்த்தால் தலை சுற்றும். ஒரு நாள் பலகை வழுக்கி ஒரு கையில் தொங்கினேன். மேசன் என் இடுப்புக் கைலியைப் பிடித்து இழுத்துப் போட்டார். "நோம்பு வாயோட ஏன் தம்பி உசிர வாங்குறீங்க?" என்று ஏசினார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை.

நோன்பு ஏழு வந்தது, எட்டு வந்தது. கடையில் சனம் ஏற ஏற லைன் ஒரு மணித்தியாலம் விழுந்தாலும் போன் அடித்தது. மாடிக்குக் கூரைத் தட்டுப் போட இன்னும் இரண்டு கிழமையாவது ஆகும் என்றார் மேசன். என் பஸ் நோன்பு ஒன்பதில் கொழும்புக்குப் போக வேண்டும். நான் போனால் அடுத்த நாளே கம்பத்தை அவிழ்ப்பார்கள், திரும்பக் கட்ட ஆள் இல்லை, பெருநாள் வியாபாரத்தின் நடுவில் மூன்று கட்டடமும் பேச்சில்லாமல் போகும். நான் போகாவிட்டால் விசா போகும். மருந்துக்கடைக்காரர் இன்னும் வாயைத் திறக்கவில்லை, மில்காரரும் அப்படித்தான். நம்பிக்கை வைக்க ஒரு மனிதர்கூட ஒரு வார்த்தை தரவில்லை. இரவில் தராவீஹ் தொழுகையில் நின்றுகொண்டு எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

நோன்பு ஒன்பதில் பஸ் போகும் நேரம் நான் சுவரின் மேல் இருந்தேன். அன்றைக்குத்தான் மேற்குத் தூணுக்குக் கொங்கிரீட் போட்டார்கள், கம்பத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் நிற்க வேண்டியிருந்தது. நின்றேன். பெரிய வீதியில் ஹோர்ன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் போவது கேட்டது. அது என் பஸ்தானா என்று திரும்பிப் பார்க்க என்னால் முடியவில்லை. பார்த்தால் டிஷ் அசைந்துவிடும். நான் பிழையான காரியம் செய்துகொண்டிருக்கிறேன் என்றுதான் முழு மனதாக நம்பினேன்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மனைவி நோன்பு திறக்கக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். நான் கட்டிய பெட்டி அறையில் அப்படியே இருந்தது.

"பஸ் போயிட்டு புள்ள" என்றேன். "நான் போகல்ல. சரியா பிழையா எனக்குத் தெரியா."

அவள் அடுப்பை அணைத்தாள். அகப்பையைக் கழுவி வைத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"எனக்கு அந்த மேல்மாடிக் கத முதலே தெரியும்."

"எந்தக் கத?"

"ஹாஜியார்ட சின்ன மகள்ட பேச்சுக்கு எங்கட உம்மாவும் போன. நீங்க வேலைய ஒத்துக்கொண்டு வந்து செல்லக்குள்ளயே தெரியும். அந்த ஊட்டுக்கு மேல மாடி எழும்பும் எண்டு."

எத்தனை நாள்? இரண்டு டிஷ்ஷும் நேருக்கு நேர் பார்க்க வேண்டும், நடுவில் எதுவும் வரக் கூடாது என்று அவளிடம் நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்? நான் சோறு இறங்காமல் கிடந்த அந்த இரண்டு நாளும் இவள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாளே?

"தெரிஞ்சிம் ஒரு வார்த்த செல்லல்லயே நீ?" என்று கத்திவிட்டேன். மகள் ஓடி வந்து கதவோரம் நின்றாள்.

"செல்லியிருந்தா நீங்க அந்த வேலைய எடுத்திருக்க மாட்டீங்க. ஏலா எண்டு செல்லிட்டு, குறிச்ச நாளைக்கு முதலே போயிருப்பீங்க." அவள் குரல் உடைந்தது. "வேலையத் தொடங்கினா நடுவுல விட்டுட்டுப் போகமாட்டீங்க எண்டு எனக்குத் தெரியும்."

"நான் அந்தச் சாரத்துல இருந்து விழுந்திருந்தா? ஒரு நாள் கையால தொங்கினன், தெரியுமா உனக்கு?"

"தெரியும். மேசன்ட பொஞ்சாதி வந்து செல்லிட்டுப் போன." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அண்டைக்கு முழுக்க அழுதன். ஆனா இஞ்ச விழுந்தா நான் ஓடி வந்து தூக்குவன். அங்க விழுந்தா எனக்கு ஆராவது போன்லதானே செல்லுவாங்க."

நான் அறைக்குள் போய், கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்க்கத் தொடங்கினேன்.